பொன்னாடைக்குள் ஒரு லினக்ஸ்

ஊர் முழுக்கத் தெரிந்து, சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாத விஷயம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அவருடைய பட்டப்பெயர்.

எங்கள் தோட்டம் மலேசியாவில், மலாக்கா மாநிலத்து ஜாசினிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. பாதி ரப்பர், பாதி செம்பனை, நடுவில் கோயில், கோயிலுக்குப் பின்னால் தமிழ்ப்பள்ளி. அந்தச் சின்ன இடத்துக்குள் ஐந்து முனியாண்டிகள். சுப்பிரமணியங்களை நாங்கள் எண்ணுவதையே விட்டுவிட்டோம். புதிதாக வந்த தபால்காரர், பாவம், ஒரு முனியாண்டியின் கடிதத்தை இன்னொரு முனியாண்டியிடம் கொடுத்துவிட, அவர் அதைப் பிரித்துப் படித்துப் பதிலும் போட்டுவிட்டார். இப்படிப்பட்ட ஊரில் பட்டப்பெயர் என்பது கேலி இல்லை. அதுதான் விலாசம்.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. முகத்துக்கு நேரே 'மாமா', 'அண்ணே', 'ஐயா'. முதுகு திரும்பிய பிறகுதான் பட்டப்பெயர். சின்னப் பிள்ளைகள்கூட இந்தச் சட்டத்தை மீறியது கிடையாது. (எனக்கு அப்படிப் பட்டப்பெயர் எதுவும் இல்லை. முதல் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.)

அந்தச் சட்டத்தை மீறிய முதல் ஆள் நான்தான். சாதாரணமாக மீறவில்லை. மாலை, மைக், பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் கூடிய ஒரு விழாவில், மூன்று கம்ப்யூட்டர் திரையில், கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவு பெரிய எழுத்தில் மீறினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் மலாக்கா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்தேன். திருகாணி கழற்றுவது, தூசி தட்டுவது, முதலாளித் தவுக்கேவுக்குப் பாலில்லாத தேநீரான தே ஓ வாங்கி வருவது என்பதுதான் உத்தியோகம். ஊரில் மட்டும் 'சேகர் கம்ப்யூட்டர் இன்ஜினியர்' என்று அம்மா பரப்பி வைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை. பெற்ற தாயைப் பொய்க்காரி ஆக்கக் கூடாதல்லவா?

இன்ஜினியர் ஆவதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் பெயர் கலா. ஜாசினில் இடைநிலைப் பள்ளியில் என்னோடு படித்தவள். இப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. எங்கள் விஷயம் ஊருக்குத் தெரியும், கோயில் பூசாரிக்குத் தெரியும், கலாவின் அம்மாவுக்கும் தெரியும். அவள் அப்பாவுக்கும் முறைப்படி தெரிவித்தாகிவிட்டது. என் அம்மாவும் தாய்மாமனும் வாழைப்பழச் சீப்போடு போய்ப் பேசினார்கள். அவர் மரியாதையாக உட்கார வைத்தார், பசியாறச் சொன்னார், மழையைப் பற்றியும் ரப்பர்ப் பால் விலையைப் பற்றியும் பேசினார், கடைசியில் வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொன்னார்.

"அடுத்த மாசம் பாக்கலாம்லா."

அடுத்த மாசம் போனார்கள். அதே பசியாறல், அதே மழை, அதே வாசல், அதே வார்த்தை.

இந்த மனிதர் ஐந்து முனியாண்டிகளில் ஒருவர். தோட்டத்து டிராக்டர் எல்லாம் அவர் கையில்தான். எந்த இயந்திரமும் அவர் தொட்டால் ஓடும். ஆனால் அவர் வீட்டுக் கூரை ஒழுகினால் அடுத்த மாசம். கோயிலுக்கு வேலி அடிக்க ஒப்புக்கொண்டால் அடுத்த மாசம். பல் வலித்தால்கூட வைத்தியரிடம் அடுத்த மாசம். ஊரில் அவரை 'அடுத்த மாசம் முனியாண்டி' என்று சொன்னால்தான் யார் என்று தெரியும். சுருக்கமாக 'அடுத்த மாசம்'. "அடுத்த மாசம் மோட்டார்ல போறாரு பாரு" என்று யாராவது சொன்னால், வெளியூர்க்காரர்கள் நாட்காட்டியைப் பார்ப்பார்கள்.

இதில் அவசரம் எங்கே வந்தது என்றால், கிள்ளானிலிருந்து வந்தது. கலாவின் அத்தை அங்கே ஒரு வங்கிக் கிராணியை, அதாவது குமாஸ்தாவை, மாப்பிள்ளையாகப் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆவணி பிறந்ததும் வருவதாக ஏற்பாடு.

"ஆவணிக்கு முன்னாடி எங்கப்பா வாய்லேருந்து ஒரு வார்த்தை வரணும் சேகர்," என்றாள் கலா. "இல்லாட்டி நான் கிள்ளான் போயிடுவேன். அங்க பெரிய பாசார் எல்லாம் இருக்காம்." கடைசி வரியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாலு கம்ப்யூட்டர்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தன. அலோர் காஜாவில் ஓர் அலுவலகம் பழைய பெட்டிகளைத் தள்ளிவிட்டது. தள்ளும்போது ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டது. அதாவது உடம்பு இருக்கிறது, ஞாபகம் இல்லை. பெரிய டீச்சர் (தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) என்னைக் கூப்பிட்டு, "இதுல ஏதாவது பண்ண முடியுமா தம்பி?" என்று கேட்டார். பக்கத்தில் கலா நின்றிருந்தாள். நான் வேறு என்ன பதில் சொல்ல முடியும்?

"முடியும் டீச்சர். லினக்ஸ் போட்டுரலாம். ஹார்ட் டிஸ்க்கே வேணாம்."

அப்போதைக்கு லினக்ஸ் பற்றி எனக்குத் தெரிந்தது, ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியும், மலாக்கா சைபர் கஃபேயில் அச்செடுத்த ஒரு கட்டுக் காகிதமும்தான். ஆனால் யோசனை சரியான யோசனை. முழு இயங்குதளத்தையும் ஒரு சிடியில் அடைத்துவிடுவது. கம்ப்யூட்டரைப் போட்டால் சிடியிலிருந்தே எழுந்து ஓடும். கணக்கு விளையாட்டு, டைப்பிங் பயிற்சி, தமிழ் எழுத்துப் படங்கள் எல்லாம் அதிலேயே. இதற்கு 'லைவ்' என்று பெயர். ஒரே குறை, சிடியில் எழுதியதை மாற்ற முடியாது. பெட்டியை நிறுத்திவிட்டால் நடுவில் செய்த எல்லாவற்றையும் மறந்துபோய், மறுபடி போடும்போது பிறந்த குழந்தையாக எழும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்லது எது? எவ்வளவு கெடுத்தாலும் சுவிட்சைத் தட்டினால் பழையபடி.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் நாலு புரவலர்களைப் பிடித்தது. பெட்டிக்கு ஒருவர். சிடி டிரைவ், மேசை, மின்சார வேலை எல்லாம் அவரவர் பொறுப்பு. ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஐயா ஒருவர். லாரி ஓட்டும் இன்னொரு முனியாண்டி ஒருவர். கோயில் செயலாளர் நடேசன் ஒருவர். நாலாவது, கலாவின் அப்பா. (அவரும் ஒப்புக்கொண்டார். மேசை மட்டும் அடுத்த மாசம் என்றார்.)

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் மூளை வேலை செய்த நாட்களையெல்லாம் நான் இன்றும் பயத்தோடுதான் நினைக்கிறேன். பெட்டி எழும்போது, திரை முழுக்க நட்சத்திரக் குறிகளால் கட்டிய பெரிய எழுத்தில் புரவலரின் பெயரைக் காட்டினால் என்ன? வருங்கால மாமனார் சுவிட்சைத் தட்டுகிறார். அவர் பெயர் ஒளிர்கிறது. அவர் நெஞ்சு விம்முகிறது. "யாருப்பா இதைச் செஞ்சது?" என்கிறார். நான் பணிவாகத் தலைகுனிகிறேன். கிள்ளான் வங்கிக் கிராணி கிள்ளானிலேயே இருந்துவிடுகிறார்.

இந்த மாதிரி ஒரு லைவ் சிடியைக் கட்டுவது கல்யாணச் சமையல் மாதிரி. முதலில் பொது அமைப்பு. எல்லா இலைக்கும் சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம். எந்த மொழி, எந்த நேர மண்டலம், என்னென்ன நிரல்கள் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு புரொஃபைல். பெரியப்பாவுக்கு உப்பு இல்லாமல், சின்னம்மாவுக்கு வெங்காயம் இல்லாமல் என்று தனியாகச் சீட்டு வைப்போமே, அது. பொதுவில் ஒன்று எழுதியிருந்து, புரொஃபைலில் வேறு எழுதியிருந்தால், புரொஃபைல் சொல்வதுதான் செல்லும். பெரியப்பாவின் சீட்டுதானே ஜெயிக்க வேண்டும்?

இந்த விதியை எழுதியது யார்? நான்தான். கையால் எழுதிய ஸ்கிரிப்ட். பெருமையாக இருந்தது.

நாலு புரொஃபைலுக்கும் பெயர் வைக்க வேண்டும். இரண்டு பேர் முனியாண்டி என்றால் என்ன பெயர் வைப்பது? முனியாண்டி ஒன்று, முனியாண்டி இரண்டா? எது யார் என்று எனக்கே குழம்பிவிடும். எங்கள் ஊர்க்காரன் யாராக இருந்தாலும் என்ன செய்வானோ அதைத்தான் செய்தேன். லாரிக்கார முனியாண்டிக்கு 'ரிவர்ஸ்' (லாரியைப் பின்னால் எடுத்துக் கோயில் வளைவை இடித்த புண்ணியவான்). நடேசனுக்கு 'நன்றியுரை' (எந்த விழாவிலும் நன்றியுரை அவர்தான். மைக் கைக்குப் போனால் பந்தல்காரர்கள் பந்தலைப் பிரித்துவிட்டுப் போன பிறகும் நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்). கலாவின் அப்பாவுக்கு 'அடுத்த மாசம்'. எல்லாம் ஆங்கில எழுத்தில், தமிழ் வார்த்தையாக. என்னைத் தவிர யார் பார்க்கப் போகிறார்கள்?

புரவலர்களின் மரியாதைப் பெயர்கள் வேறு பஞ்சாயத்து. யாருக்கு 'திரு' மட்டும், யாருக்கு 'சமூகச் செம்மல்', யாருக்கு 'தொண்டர் மாமணி' என்று சங்கக் கூட்டத்தில் வாரக்கணக்கில் இழுத்தது. அதுவரை சோதனைக்காக, ஒவ்வொரு புரொஃபைலிலும் ஒரு வரி எழுதி வைத்தேன்: திரையில் புரொஃபைல் பெயரைக் காட்டு. எந்த சிடி யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலா கடைக்கு வந்திருந்தாள். சோதனை ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அவள் அப்பா நட்சத்திரம் நட்சத்திரமாக எழுந்து நின்றார். அவள் சிரித்த சிரிப்பில் தவுக்கே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மாத்திருவேல?"

"மாத்தாம இருப்பனா?"

"சேகர், எங்கப்பாக்கு இந்தப் பேரு தெரியாது. சத்தியமா தெரியாது. மாத்திரு."

மாற்றினேன். அதைத்தான் நான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் நம்புவதில்லை. கூட்டம் பட்டங்களை முடிவு செய்து கொடுத்ததும், பொது அமைப்பில் உட்கார்ந்து நாலு பேரின் பெயரையும் பட்டத்தோடு எழுதினேன். 'திரையில் மரியாதைப் பெயரைக் காட்டு' என்றும் எழுதினேன். முதல் புரொஃபைலில், அதாவது கிராணி ஐயாவுடையதில், அந்தச் சோதனை வரியை அழித்தேன். சிடி எழுதினேன். அந்தக் காலத்தில் சிடி எழுதும்போது மேசையைத் தொடக்கூடாது, கதவை அறையக்கூடாது, முடிந்தால் மூச்சும் விடக்கூடாது. எழுதி முடிந்தது. போட்டுப் பார்த்தேன். 'சமூகச் செம்மல்' என்று அழகாக வந்தது. பெரிய டீச்சரிடம் காட்டினேன், கைதட்டினார். வெற்றுச் சிடி அப்போது விலை அதிகம். ஒன்று சரியென்றால் எல்லாம் சரிதானே? மற்ற மூன்றையும் எழுதி, உறையில் போட்டு, எண் ஒட்டி வைத்துவிட்டேன்.

மற்ற மூன்று புரொஃபைலிலும் அந்தச் சோதனை வரி அப்படியே இருந்தது. பொதுவில் மரியாதை, புரொஃபைலில் அவமரியாதை. எது செல்லும் என்பதைச் சொல்லும் விதியை ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. ஆடி மாதம். மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, கேசரி. பெரிய டீச்சர் சிக்கனமானவர். கம்ப்யூட்டர்களை மூடி வைக்கத் தனியாகத் துணி வாங்காமல், புரவலர்களுக்குப் போர்த்த வாங்கிய பொன்னாடைகளாலேயே மூடிவிட்டார். திட்டம் இதுதான்: புரவலர் வருவார், பொன்னாடையை எடுப்பார், அதையே அவருக்குப் போர்த்துவார்கள், தன் கையால் சுவிட்சைத் தட்டுவார், பெயர் தெரியும், கைதட்டு. தன் கையால் தட்டுவது முக்கியம். நம்மவர்களுக்கு எதையும் ராசியான கை தொட்டுத் தொடங்க வேண்டும்.

மண்டபத்தில் பெற்றோர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா முதல் வரிசையில், வேண்டுமென்றே கலாவின் அம்மா மாரியம்மா அத்தைக்குப் பக்கத்து நாற்காலியில். முன்னால் தரையில் பிள்ளைகள்.

கிராணி ஐயா முதலில். பொன்னாடை, சுவிட்ச். எழுத்துகள் ஓடின, 'சமூகச் செம்மல்' எழுந்தது. கைதட்டு. நான் கலாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அந்தப் புருவம் அதற்குப் பிறகு அன்றைக்கு இறங்கவே இல்லை. காரணம்தான் மாறியது.

இரண்டாவது, லாரி முனியாண்டி மாமா. சுவிட்சைத் தட்டினார். திரையில் நட்சத்திரங்கள் சேரத் தொடங்கின. முதல் எழுத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. 'திரு'வின் டி வர வேண்டிய இடத்தில் ஆர் வந்துகொண்டிருந்தது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. முன்னால் பெரிதாக என்ன எழுதியிருந்தாலும் கூட்டாக, ராகத்தோடு வாசித்துவிடுவார்கள். அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறோம்.

"ரி-வ-ர்-ஸ்."

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். லாரி மாமா என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். லாரியை இப்படி மெதுவாகத் திருப்பியிருந்தால் கோயில் வளைவு தப்பியிருக்கும்.

"இது என்னா சேகரு?"

உயிர் போகிற நேரத்தில் எனக்குப் பொய் நன்றாக வரும். ரிவர்ஸ் என்பது கம்ப்யூட்டர் உலகத்தில் பெரிய விஷயம், பிள்ளைகள் தப்புப் பண்ணினால் இந்தப் பெட்டி பின்னால் போய்த் திருத்தும், அதனால் நாலிலும் உசத்தியான பெட்டியை அவருக்கு ஒதுக்கியிருக்கிறோம் என்றேன். அவர் யோசித்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப சரி," என்று உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, நடேசன் அண்ணன். தடுக்க நேரமில்லை. தட்டிவிட்டார். பிள்ளைகள் ராகமெடுத்தார்கள்: "நன்-றி-யு-ரை."

நடேசன் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம் வாழ்நாள் சேவையை ஓர் இயந்திரமே அங்கீகரித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். நாலாவது பெட்டி இன்னும் பாக்கி இருக்கிறது என்பதையும் மறந்து, "இந்த வேளையில் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று மைக்கை எடுத்தார். அவர் மைக்கை எடுத்ததைப் பார்த்து மகிழ்ந்த ஒரே மனிதன் அன்று உலகத்திலேயே நான்தான்.

அந்த நன்றியுரை நடக்கும்போதே நாலாவது மேசைக்குத் தவழ்ந்து போனேன். பொன்னாடைக்குள் தலையை விட்டுப் பெட்டியை எழுப்பினேன். 'அடுத்த மாசம்' வந்தது. சிடியில் மாற்ற முடியாதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது, பெட்டியின் தற்காலிக ஞாபகத்தில் மாற்றலாம். வியர்வை விசைப்பலகையில் சொட்டச் சொட்டத் தட்டினேன். நடேசன் அண்ணன் குடிநீர் வாரியத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். 'தொண்டர் மாமணி திரு. முனியாண்டி' என்று திரையில் வந்தது. பிழையில்லாமல், கம்பீரமாக. மானிட்டரை மட்டும் அணைத்தேன். இனி அவர் மானிட்டர் பொத்தானைத் தட்டினால் போதும், பெயர் பளிச்சென்று தெரியும். வெளியே வந்தபோது தலையில் சரிகை நூல் ஒட்டியிருந்தது. கலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலைக் காட்டினேன். அவளுக்கு மூச்சு வந்தது.

ஒருவழியாக நன்றி முடிந்து, கலாவின் அப்பா அழைக்கப்பட்டார். வெள்ளைச் சட்டை, விபூதி, எண்ணெய் வைத்து வாரிய தலை. பொன்னாடை போர்த்தினார்கள். நான் குனிந்து, "மாமா, இந்த மேல் பொத்தானைத் தட்டுங்க" என்று மானிட்டரைக் காட்டினேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். டிராக்டர்களோடு வாழ்ந்த மனிதர். எஞ்சின் எங்கே இருக்கிறது, விளக்கு எங்கே இருக்கிறது என்று அவருக்கா தெரியாது?

"அது வெறும் பொட்டி தம்பி. உசுரு இதுலதானே இருக்கு," என்று சொல்லி, நான் கையை நீட்டுவதற்குள், கீழே இருந்த பெரிய சுவிட்சை ராசியான வலது கையால் அழுத்தினார்.

ஓடிக்கொண்டிருந்த பெட்டி அணைந்தது.

"வரலையே," என்றார். மறுபடி அழுத்தினார். அப்புறம் மானிட்டரையும் போட்டார், எனக்கு உதவியாக.

தொண்டர் மாமணி போய்விட்டார். நான் வேர்த்து வேர்த்துச் செய்ததையெல்லாம் மறந்துவிட்டு, பெட்டி பிறந்த குழந்தையாக எழுந்தது. பழைய பெட்டி. எழுவதற்கு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மின்சாரம் போகட்டும் என்று வேண்டினேன். எங்கள் தோட்டத்தில் தினமும் போகும் மின்சாரம் அன்றைக்கு மலைபோல நின்றது. ஒவ்வொரு நட்சத்திரமாக வந்தது. பெரிய டீச்சர் நிலைமையைப் புரிந்துகொண்டு, பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிள்ளைகள் அதை 'தொடங்கு' என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அ-டு-த்-த மா-ச-ம்."

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரம். மாமா திரையைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

அடுத்த மாசம் இன்னும் நிறைய விளையாட்டுகள் வரும் என்பதற்கான அறிவிப்பு மாமா என்று தொடங்கினேன். பாதியில் லாரி மாமா எழுந்துவிட்டார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருந்தது.

"பொய் சொல்றான்டா முனியாண்டி. எனக்கு ரிவர்ஸு, நடேசனுக்கு நன்றியுரை. அப்ப உனக்கு அதாண்டா."

மாமாவின் முகம் சிறுத்துவிட்டது. அத்தனை பெரிய மனிதர், பொன்னாடைக்குள் பள்ளிப் பிள்ளைபோல நின்றார். அந்த முகத்தை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை. முதல் வரிசையில் இருந்த தம் மனைவியிடம் கேட்டார்.

"என்னைய இப்படித்தான் கூப்புடுறாங்களா?"

மாரியம்மா அத்தை மடியிலிருந்த கைப்பையை இறுக்கிக்கொண்டார். "ஆமாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"பேரு வச்சதே நான்தாங்க," என்றார் அத்தை. "கல்யாணமான புதுசுல மூக்குத்தி கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

கிராணி ஐயா, தமக்குக் கிடைத்த சமூகச் செம்மல் பட்டத்துக்கு ஏற்ப, எழுந்து சமாதானம் பேச வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அதில்ல முனியாண்டி, பாரு, சேகர் வீட்டுலேருந்து பொண்ணு கேட்டு வந்தவங்களுக்குக்கூட நீ அதே வார்த்தையத்தானே சொல்லி அனுப்புற?" என்றார்.

என் அம்மா "ஆமாங்கய்யா" என்று தலையை ஆட்டினார். அந்த ஒரு தலையாட்டலில் என் எதிர்காலம் முடிந்தது என்று நான் கணக்குப் போட்டேன். கிள்ளான் பாசாரில் கலா காய்கறி வாங்குவது கண்முன் தெரிந்தது.

மாமா நேராக நடேசன் அண்ணனிடம் போனார். அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். (நடேசன் அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். அது தனிச் சாதனை.)

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார். "நான் ஒண்ணும் அப்படிப்பட்ட ஆளு இல்ல. பாக்கத்தான் கொஞ்சம் டைம் எடுத்தேன். பொண்ணைப் பெத்தவன் பாக்க வேணாமா? பாத்துட்டேன். இந்தப் பையனுக்குத்தான் என் பொண்ணு. அடுத்த மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த மாசமே கல்யாணம்."

கலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மண்டபம் கைதட்டத் தயாரானது. தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன, ஏனென்றால் மாரியம்மா அத்தை பவ்வியமாக எழுந்து நின்றிருந்தார்.

"என்னங்க," என்றார். "இது ஆடி மாசங்க."

ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மாமா மைக்கோடு நின்றார். எதிரே அத்தனை பேர். பின்னால் திரையில் அவருடைய பெயர், நட்சத்திரம் நட்சத்திரமாக. அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் என்ன சொல்ல வேண்டும் என்பது மண்டபத்தில் இருந்த கடைசிப் பிள்ளைவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவருக்கும் தெரிந்திருந்தது. தப்பிக்க வழியே இல்லை.

"சரி," என்றார். "அடுத்த மாசம்."

சிரிப்பில் கூரை பறந்துவிட்டது. லாரி மாமா நாற்காலியோடு சாய்ந்தார். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். என் அம்மாவும் மாரியம்மா அத்தையும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். மாமா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு உதட்டோரம் ஆடியது. திரும்பித் திரையைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார், மைக்கை அணைக்காமலேயே. அந்தச் சிரிப்பு கோயில்வரை கேட்டதாகப் பூசாரி சொன்னார். எனக்கு நிச்சயதார்த்தம் என்று தனியாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான்.

அன்றைக்கு நிம்மதியில்லாமல் வீட்டுக்குப் போனவர் ஒரே ஒருவர்தான். கிராணி ஐயா. எல்லோருக்கும் ஒரு பெயர் இருக்கிறது என்றால் தமக்கும் இருக்க வேண்டுமே என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வழியில் பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். யாரும் சொல்லவில்லை. நாங்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள்.

பிறகு நாலு சிடியையும் சரியான பெயர்களோடு மறுபடி எழுதிக் கொடுத்தேன். வாரக் கடைசியில் பெரிய டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். 'தொண்டர் மாமணி'யில் விளையாட எந்தப் பிள்ளையும் வரவில்லையாம். பழைய சிடியைப் போட்ட பிறகுதான் வரிசை நின்றது, அதுவும் 'அடுத்த மாச'த்துக்குத்தான் நீளமான வரிசை. கல்யாணம் ஆவணியில் நடந்தது. அத்தைக்கு மூக்குத்தியும் அந்த மாதமே வந்தது. கிள்ளான் வங்கிக் கிராணி மொய் எழுதிவிட்டு, விருந்தில் மீ கோரேங் நூடுல்ஸ் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கலா என்னை இன்றும் லைவ் சிடி என்றுதான் திட்டுவாள். எத்தனை தடவை திருத்தினாலும் தூங்கி எழுந்தால் பழையபடி ஆகிவிடுகிறேனாம். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

போன பள்ளி விடுமுறையில் மகளுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுத்தோம். மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது காது கொஞ்சம் மந்தம், மற்றபடி அதே வெள்ளைச் சட்டை, அதே விபூதி.

"கம்ப்யூட்டருக்குப் பேரு கேக்குது தாத்தா, என்னா போடறது?" என்றாள் மகள்.

அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அடுத்த மாசம்னு போடு."

போட்டாள். "அடுத்து, யூசர் பேரு கேக்குது. அப்பாவுக்கும் ஒண்ணு போடணும்."

"அப்பாவுக்கா?" மாமா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். அவள் கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். சமையலறையிலிருந்து கலா, "சொல்லிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.

எனக்குப் பட்டப்பெயர் எதுவும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? தொண்டையைச் செருமிக்கொண்டு, முடிந்தவரை அலட்சியமாக, அது என்ன பெயர் மாமா என்று கேட்டேன்.

அவர் பொன்னாடை போர்த்தியவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த மாசம் சொல்றேன்லா," என்றார்.